ஏரிக்கு மூச்சு முட்டினால் என்ன ஆகும்? தாம்பரம் ஏரிகளின் ஆக்ஸிஜன் கணக்கு

வீட்டு விளம்பரத்தில் 'லேக் வியூ' என்று போட்டிருப்பார்கள். குடிவந்த பிறகுதான் தெரியும், அந்தப் பக்கத்து ஜன்னலைப் பெரும்பாலும் சாத்தியே வைக்க வேண்டும் என்று. தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், செம்பாக்கம், கீழ்க்கட்டளை, பல்லாவரம் பக்கம் ஏரியோரம் குடியிருக்கும் பலருக்கு இது புதிய செய்தி கிடையாது. காலையில் வாக்கிங் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்வது பழகிவிட்டது. கோடையில் ஒருநாள் திடீரென மழை பெய்தால், மறுநாள் மீன்கள் செத்து மிதக்கும். 'யாரோ விஷம் கலந்துட்டாங்க' என்று வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடும்.

பெரும்பாலும் யாரும் தனியாக விஷம் கலக்க வேண்டியதில்லை. ஏரியில் ஆக்ஸிஜன் தீர்ந்து போவதும், அதனால் நைட்ரஜன் வெளியேற வழியில்லாமல் அமோனியாவாகத் தேங்குவதுமே போதும். இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொள்வது வேதியியல் தேர்வுக்காக அல்ல. நம் ஏரிகளுக்குக் கோடிக்கணக்கில் வரிப்பணம் செலவாகிறது. அது சரியான இடத்துக்குப் போகிறதா என்று கேட்க இந்தத் தொடர்பு தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஏரிகள் எப்படிப்பட்டவை?

தென்சென்னைப் புறநகரின் ஏரிகள் எல்லாம் ஒரு காலத்தில் நெல் வயல்களுக்காகக் கட்டப்பட்ட பாசன ஏரிகள். ஒரு பக்கம் கரை, அதில் மதகு, உபரிநீர் போகக் கலங்கல், மறுபக்கம் சரிவாக விரியும் நீர்ப்பிடிப்பு. ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குத் தண்ணீர் போகும். சிட்லபாக்கத்தில் நிரம்பிய நீர் செம்பாக்கத்துக்கு வரும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் எனப் போய்க் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும். 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற, சுமார் 1,248 ஹெக்டேர் பரப்புள்ள அதே பள்ளிக்கரணைதான்.

இந்த ஏரிகளின் முக்கியமான குணம், ஆழமின்மை. வானிலை இதமான நாடுகளில் உள்ள ஆழமான ஏரிகளில் மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் மாதக்கணக்கில் கலக்காமல் தனித்தனி அடுக்குகளாக நிற்கும். ஆழமில்லாத நம் ஏரிகளில் அந்தப் பிரிவினை மதியத்தில் தோன்றி, இரவில் குளிர்ந்ததும் கலைந்துவிடும். காற்று அடித்தாலே அடிச்சேறு கலங்கி மேலே வரும். அதாவது ஏரியில் என்ன நடக்கிறது என்பதைத் தீர்மானிப்பதில் தண்ணீருக்கு இருக்கும் அதே பங்கு சேற்றுக்கும் உண்டு.

வயல்கள் போய் வீடுகள் வந்துவிட்டன. 2021-ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. ஊர் வளர்ந்த வேகத்துக்குப் பாதாளச் சாக்கடை வளரவில்லை. பல தெருக்களில் இன்றும் செப்டிக் டேங்க், கழிவுநீர் லாரி, இல்லையென்றால் மழைநீர் வடிகாலில் திருட்டு இணைப்பு. மழைநீர் வடிகால் எங்கே போய் முடியும்? ஏரியில்.

தண்ணீரில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கும்?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன். தண்ணீரில் கதையே வேறு. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். நம் ஊர் 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும். அதே சூட்டில் மீனும் பாக்டீரியாவும் அதிகமாகச் சுவாசிக்கும். வரவு குறைவு, செலவு அதிகம் என்ற நிலையில்தான் நம் ஏரிகள் இயல்பாகவே இருக்கின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. அசையாத தண்ணீரில் ஆக்ஸிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. அதனால் அழுக்குச் சேற்றுக்குள் ஆக்ஸிஜன் சில மில்லிமீட்டர் ஆழம்வரைதான் போகும். அதற்குக் கீழே ஆக்ஸிஜனே கிடையாது. இது நோயின் அறிகுறி என்று நினைக்க வேண்டாம். ஆரோக்கியமான ஏரியிலும் இப்படித்தான். சொல்லப்போனால், ஏரி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்வதே இந்த மெல்லிய எல்லையில்தான்.

நைட்ரஜன் இதில் எங்கே வருகிறது?

நாம் சாப்பிடும் பருப்பு, முட்டை, கறி, தயிர் எல்லாவற்றிலும் உள்ள புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. அது உடலில் வேலையை முடித்துவிட்டு, பெரும்பாலும் சிறுநீரில் யூரியாவாக வெளியேறும். ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சுமார் 10 கிராம் நைட்ரஜனைக் கழிவாக வெளியேற்றுகிறார். கழிவுநீரில் இந்த யூரியா சீக்கிரமே அமோனியாவாக மாறிவிடும். அதனால் வீட்டுக் கழிவுநீர் ஏரிக்கு வந்தால், கூடவே அமோனியாவும் வரும்.

ஆரோக்கியமான ஏரி இதை இரண்டு கட்டங்களாகச் சமாளிக்கிறது.

முதல் கட்டம், ஆக்ஸிஜன் உள்ள இடத்தில். சில பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இதை நைட்ரேட்டாதல் என்று வைத்துக்கொள்வோம். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி இந்தப் பாக்டீரியாக்களை முதன்முதலில் பிரித்துக் காட்டினார். இவை ஆக்ஸிஜன் இல்லாமல் வேலை செய்யாது. ரொம்ப நிதானமாகப் பெருகுபவையும்கூட. அழுக்கைத் தின்னும் சாதாரணப் பாக்டீரியாக்கள் நிமிடக்கணக்கிலும் மணிக்கணக்கிலும் இரட்டிப்பாகும் இடத்தில், இவற்றுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும்.

இரண்டாம் கட்டம், ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில். சேற்றுக்குள் இருக்கும் வேறு பாக்டீரியாக்கள், ஆக்ஸிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டை எடுத்துச் 'சுவாசிக்கின்றன'. அதன் முடிவில் நைட்ரேட்டில் இருந்த நைட்ரஜன் வாயுவாகி, குமிழியாகவும் கரைந்த நிலையிலும் மேலே வந்து காற்றில் கலந்துவிடும். காற்றில் ஏற்கெனவே 78 சதவீதம் அதுதான் என்பதால் யாருக்கும் தொந்தரவு இல்லை. இது நைட்ரேட் நீக்கம். ஏரியில் இருந்து நைட்ரஜன் பெரிய அளவில் நிரந்தரமாக வெளியேறும் முக்கியமான வழி இதுதான்.

கவனித்தீர்களா? முதல் கட்டத்துக்கு ஆக்ஸிஜன் வேண்டும். இரண்டாம் கட்டத்துக்கு ஆக்ஸிஜன் இருக்கக் கூடாது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தால்தான் வேலை முடியும். ஆழமில்லாத ஏரியில் தண்ணீருக்கும் சேற்றுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளியில் இந்த இரண்டு உலகங்களும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. மேலே உருவான நைட்ரேட் கீழே இறங்குகிறது, கீழே வாயுவாகி வெளியேறுகிறது. மின்சாரம் வேண்டாம், மெஷின் வேண்டாம்.

இந்தக் கணக்கு நம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. தண்ணீர் தேங்கிய நெல் வயலில் போடும் யூரியாவில் ஒரு பகுதி இதே வழியில்தான் காற்றோடு போகிறது. அந்த இழப்பைக் குறைக்கத்தான் யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசுகிறார்கள்; நைட்ரேட்டாதலை அது தாமதப்படுத்தும். 2015 முதல் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேம்புப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டது. வயலில் நஷ்டமாக இருக்கும் அதே வேலை, ஏரியில் நமக்கு லாபம்.

ஆக்ஸிஜன் தீர்ந்தால் எது உடைகிறது?

'ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில்தானே நைட்ரஜன் வெளியேறுது? அப்போ ஏரி முழுக்க ஆக்ஸிஜன் இல்லாமப் போனா இன்னும் நல்லதுதானே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில், முதல் கட்டமே நடக்காது என்பதுதான். அமோனியா நைட்ரேட்டாக மாறினால்தானே சேற்றுப் பாக்டீரியாக்களுக்குச் சாப்பாடு? ஆக்ஸிஜன் இல்லாத ஏரியில் கடைக்குச் சரக்கே வருவதில்லை. அமோனியா அமோனியாவாகவே தேங்குகிறது.

ஆக்ஸிஜன் ஏன் தீர்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 1 கிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற 4.57 கிராம் ஆக்ஸிஜன் தேவை. ஒரு ஆளின் ஒரு நாள் கழிவில் 10 கிராம் நைட்ரஜன் என்றால், தேவைப்படும் ஆக்ஸிஜன் சுமார் 46 கிராம். 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் இருப்பது 7.5 மில்லிகிராம். ஆக, ஒரே ஒரு ஆளின் ஒரு நாள் நைட்ரஜனைச் சமாளிக்கவே சுமார் 6,000 லிட்டர் சுத்தமான தண்ணீரில் உள்ள மொத்த ஆக்ஸிஜனும் காலியாகும். அதாவது, ஒரு சிறிய தண்ணீர் லாரி. ஆளுக்கு ஒரு லாரி, தினமும். கழிவில் உள்ள மற்ற அழுக்கு அழுகுவதற்கு ஆகும் ஆக்ஸிஜன் இதில் சேரவில்லை.

இரண்டுக்கும் போட்டி வந்தால், ஜெயிப்பது வேகமாகப் பெருகும் அழுக்குத் தின்னும் பாக்டீரியாதான். இருக்கும் ஆக்ஸிஜனை அது முதலில் எடுத்துக்கொள்ளும். நிதானமாக வளரும் நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா பட்டினி கிடக்கும். ஆக்ஸிஜனும் நைட்ரேட்டும் தீர்ந்த பிறகு, வேறு பாக்டீரியாக்கள் தண்ணீரில் உள்ள சல்ஃபேட்டைப் பயன்படுத்தத் தொடங்கும். அப்போது வருவதுதான் அழுகிய முட்டை நாற்றம், ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவையே முடக்கிவிடும். மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச நைட்ரேட்டும் வாயுவாகாமல் திரும்ப அமோனியாவாகவே மாறவும் வழி உண்டு. சேற்றில் இரும்போடு ஒட்டியிருந்த பாஸ்பரஸும் விடுபட்டு மேலே வரும். பாசிக்கு விருந்து.

எனவே ஏரி நாறத் தொடங்கிவிட்டது என்றால், 'அழகு கெட்டுப் போச்சு' என்பதோடு விஷயம் முடியவில்லை. நைட்ரஜனை வெளியேற்றும் இயந்திரம் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

நடுவில் ஒரு நிலையும் உண்டு. ஆக்ஸிஜன் முழுக்கவும் இல்லாமல், போதுமான அளவும் இல்லாமல் ஊசலாடும்போது இரண்டு கட்டங்களும் அரைகுறையாக நடக்கும். அப்போது நைட்ரஜன் வாயுவுக்குப் பதிலாக நைட்ரஸ் ஆக்சைடு கசியும். 100 ஆண்டுக் கணக்கில், ஒரே எடை கரியமில வாயுவைவிடச் சுமார் 273 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கும் வாயு இது.

மீன்கள் ஏன் விடியற்காலையில் சாகின்றன?

பச்சைப் பசேலென்று இருக்கும் ஏரியில் பகலில் ஆக்ஸிஜனுக்குக் குறைவே இருக்காது. வெயிலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து, தண்ணீர் இயல்பாகத் தாங்கும் அளவைவிடவும் அதிகமாக ஆக்ஸிஜனைக் கொட்டும். சூரியன் மறைந்ததும் அதே பாசி ஆக்ஸிஜனைச் செலவழிக்கத் தொடங்கும். சேறும் பாக்டீரியாவும் மீனும் கூடச் சேர்ந்துகொள்ளும். விடிவதற்குச் சற்று முன்பு ஆக்ஸிஜன் அடிமட்டத்துக்குப் போயிருக்கும். முந்தின நாள் மேகமூட்டமாக இருந்தாலோ, வறண்ட காலத்துக்குப் பிறகு முதல் மழை வடிகால்களில் தேங்கிய கசடை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாலோ, அந்த அடிமட்டம் பூஜ்யம்தான். 2016 மார்ச்சில் பெங்களூரு அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தபோதும், முதன்மையாகப் பேசப்பட்ட காரணம் கழிவுநீரும் ஆக்ஸிஜன் பற்றாக்குறையும்தான்.

அமோனியாவின் ஆபத்து நேர்மாறான நேரத்தில் வருகிறது. தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அவ்வளவு தீங்கில்லாத அமோனியம், மற்றொன்று மீனின் செவுளைத் தாக்கும் தனி அமோனியா. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது முக்கியமாக பி.எச். எனப்படும் அமில-கார அளவு. 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 என்றால் தனி அமோனியா நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 8 என்றால் சுமார் 7 சதவீதம். 9 என்றால் கிட்டத்தட்டப் பாதி. பாசி நிறைந்த ஏரியில் மதிய வெயிலில் பி.எச். 9-ஐத் தொடுவது சாதாரணம். ஏனென்றால் பாசி தண்ணீரில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சிவிடுகிறது.

லிட்டருக்கு 5 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் உள்ள ஓர் ஏரியை எடுத்துக்கொள்வோம். பி.எச். 8-ல் தனி அமோனியா 0.4 மில்லிகிராமுக்கும் குறைவு. மதியம் பி.எச். 9 ஆனால் அது 2 மில்லிகிராமைத் தாண்டும். மீன்வளத்துக்கும் வன உயிர்களுக்கும் ஏற்ற நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் வரம்பு 1.2 மில்லிகிராம். கரைந்த ஆக்ஸிஜன் 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்பது அதே வகைப்பாட்டின் இன்னொரு விதி.

அதாவது மீனுக்கு விடியற்காலையில் மூச்சுத் திணறல், மதியத்தில் விஷம். ஆனால் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்க ஆள் வருவது பெரும்பாலும் காலை 10, 11 மணிக்கு. அந்த நேரத்தில் ஆக்ஸிஜனும் ஓரளவு ஏறியிருக்கும், பி.எச்.சும் உச்சிக்குப் போயிருக்காது. ரிப்போர்ட்டில் எல்லாம் 'ஓகே'.

ஏரேட்டர் வைத்தால் சரியாகிவிடாதா?

ஏரிச் சீரமைப்பு என்றாலே இப்போது ஒரு பேக்கேஜ் மனதில் வருகிறது. தூர்வாருதல், கரையைப் பலப்படுத்துதல், நடைபாதை, விளக்கு, நடுவில் ஃபவுண்டன் அல்லது ஏரேட்டர். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் உண்டு. ஆனால் எதை முதலில் செய்கிறோம் என்பதுதான் விஷயமே.

ஏரேட்டரையே எடுத்துக்கொள்வோம். ஒரு யூனிட் மின்சாரத்தில் அது சுமார் 1 முதல் 2 கிலோ ஆக்ஸிஜனைக் கரைக்கும்; நிஜ ஏரியில் குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொள்வதே நல்லது. 20,000 பேரின் கழிவு ஒரு ஏரிக்கு வருகிறது என்றால், நைட்ரஜனுக்கு மட்டும் தினம் 900 கிலோவுக்கு மேல் ஆக்ஸிஜன் வேண்டும். அதாவது தினம் 900 யூனிட். கழிவு வந்துகொண்டே இருக்கும்வரை இந்த பில்லும் வந்துகொண்டே இருக்கும். மோட்டார் ரிப்பேரான அன்றே ஏரி பழைய நிலைக்குத் திரும்பும். கழிவு நின்ற பிறகு, சேறு தேறும்வரை தாங்கிப் பிடிக்க ஏரேட்டர் உதவும். ஓட்டை பக்கெட்டில் தண்ணீர் ஊற்றும் வேலைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

தூர்வாருவதிலும் இதே கதை. அழுகிய சேற்றை எடுத்தால் ஆக்ஸிஜன் செலவு குறையும், உண்மை. ஆனால் ஏரியை எல்லாப் பக்கமும் செங்குத்தாகத் தோண்டி ஒரு கிண்ணமாக்கிவிட்டால், ஆழமில்லாத ஓரங்கள் காணாமல் போகும். கோரையும் சம்பும் வளர்வது அந்த ஓரங்களில்தான். இந்தச் செடிகள் தண்டின் உள்ளே இருக்கும் காற்றறைகள் வழியாக ஆக்ஸிஜனை வேருக்கு இறக்குகின்றன. சேற்றுக்குள் வேரைச் சுற்றி ஆக்ஸிஜன் உள்ள ஒரு மெல்லிய வளையம், அதற்கு வெளியே ஆக்ஸிஜன் இல்லாத சேறு. அதாவது இரண்டு கட்டங்களும் பக்கத்துப் பக்கத்தில் நடக்க ஏற்ற ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன இடங்கள். இதை அழித்துவிட்டு, கான்கிரீட் கரையும் மெஷினும் வைப்பது நமக்கே நஷ்டம்.

ஆகாயத்தாமரை பற்றியும் சொல்ல வேண்டும். அது நைட்ரஜனை உறிஞ்சும், சரிதான். ஆனால் தண்ணீரின் மேல் பாய் விரித்தாற்போல மூடி, காற்றையும் வெளிச்சத்தையும் தடுத்து, அடியில் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். அழுகி மூழ்கினால், உறிஞ்சிய நைட்ரஜனைத் திரும்பக் கொடுத்துவிடும். எடுத்துக் கரையிலேயே குவித்துவைத்தால், அடுத்த மழையில் சாறு மீண்டும் ஏரிக்குள். எடுத்தால் அப்புறப்படுத்த வேண்டும். அது திரும்பத் திரும்ப வருகிறது என்றால், கழிவு இன்னும் வருகிறது என்று பொருள்.

நம் ஊரில் என்ன நடந்திருக்கிறது?

நல்ல செய்தி இல்லாமல் இல்லை. சிட்லபாக்கம் மக்கள் 2019 வறட்சியில் தாங்களே இறங்கி ஏரியைத் தூர்வாரினார்கள். அதன் பிறகு அரசு ரூ.25 கோடியில் சீரமைப்பை அறிவித்தது. சுமார் 100 ஏக்கர் பரப்புள்ள செம்பாக்கம் ஏரியில், தி நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு, கேர் எர்த் டிரஸ்ட், சென்னை ஐஐடி ஆகியவை அரசுத் துறைகளோடு சேர்ந்து மறுசீரமைப்பை மேற்கொண்டன. பல்லாவரம் பெரிய ஏரி துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையால் இரண்டாகப் பிளக்கப்பட்டு, குப்பைமேடாகவும் இருந்த காலத்தோடு ஒப்பிட்டால், ஏரி என்றால் பாதுகாக்க வேண்டியது என்ற எண்ணம் இன்று வந்திருக்கிறது.

ஆனால் சீரமைத்த பிறகும் கழிவுநீர் வருகிறது என்ற புகார் இந்தப் பகுதியில் நின்றபாடில்லை. கரையை நீர்வளத் துறை பார்க்கிறது, வடிகாலை மாநகராட்சி பார்க்கிறது, நீரின் தரத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பார்க்கிறது. கழிவு மட்டும் யார் எல்லையையும் பார்ப்பதில்லை. சங்கிலித்தொடர் ஏரிகள் என்பதால், மேல் ஏரி நைட்ரஜனை வெளியேற்றாமல் விட்டால் அது கீழ் ஏரியின் தலையில் விழும். கடைசியில் எல்லாம் பள்ளிக்கரணையில்.

ஏரித் தண்ணீரை நாம் குடிப்பதில்லையே, கவலை எதற்கு?

நேரடியாகக் குடிப்பதில்லை. ஆனால் போர்வெல் தண்ணீரும் ஏரித் தண்ணீரும் மண்ணுக்கு அடியில் உறவுக்காரர்கள். செப்டிக் டேங்கில் இருந்து காற்றோட்டமுள்ள மண்ணில் கசியும் அமோனியா, வழியில் நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் சேரும். குடிநீரில் நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய தர நிர்ணய அமைப்பின் வரம்பு. அதிகமானால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகி, நைட்ரேட்டின் அடர்த்தி இன்னும் கூடும். போர்வெல் தண்ணீரை நம்பி வாழும் அபார்ட்மென்ட்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது நைட்ரேட் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. ஆரோக்கியமான ஏரியின் சேறு, அதன் வழியாகக் கீழே இறங்கும் நீரில் இருந்து நைட்ரேட்டை நீக்கும் இயற்கை வடிகட்டி என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம்.

அமோனியா பெரிய நகரத்தின் குடிநீரையே நிறுத்தக்கூடியது என்பதற்கு டெல்லி சாட்சி. யமுனையில் அமோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஒட்டி ஏறும்போதெல்லாம் அங்கே குடிநீர் உற்பத்தியைக் குறைக்க வேண்டிவருகிறது. அமோனியா குளோரினோடு வினைபுரிந்து, கிருமிநீக்கத்தைக் கெடுத்துவிடும்.

சீனாவின் தாய்ஹூ ஏரி இன்னொரு பாடம். ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்பு, ஆனால் சராசரி ஆழம் 2 மீட்டர்தான். நம் ஏரிகளைப் போலவே ஆழமில்லாதது. ஊட்டச்சத்து சேர்ந்து, பாசி பெருகி, அது அழுகி, ஆக்ஸிஜன் தீர்ந்து, 2007 கோடையில் வூஷி நகரத்தின் சுமார் 20 லட்சம் பேருக்குக் குழாயைத் திறந்தால் நாற்றம். பெரும் பணம் செலவழித்துப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அங்கே பாசிப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. கெடுப்பது சீக்கிரம் நடந்துவிடும், மீட்பதுதான் நாள் பிடிக்கும்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, ஏரிக்கான முதல் ரூபாய் வடிகாலுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு ஏரிக்கும் எத்தனை வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது, மழையில்லாத நாளில் அவற்றில் எத்தனை ஓடுகிறது என்று பட்டியல் எடுப்பது பெரிய ஆராய்ச்சி கிடையாது. மழையே இல்லாத மே மாதத்தில் ஓடும் வடிகால் எல்லாம் சாக்கடைதான். அதை அடைத்த பிறகு நடைபாதை போடலாம், ஃபவுண்டனும் வைக்கலாம்.

இரண்டாவது, சுத்திகரிப்பு நிலையங்களுக்கு நைட்ரஜன் வரம்பு வேண்டும். 2015-ல் மத்திய அரசு வெளியிட்ட வரைவில் அமோனியாவுக்கும் மொத்த நைட்ரஜனுக்கும் வரம்பு இருந்தது. 2017-ல் வந்த இறுதி அறிவிக்கையில் அவை காணாமல் போயின. 2019 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், மொத்த நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்பது உள்ளிட்ட கடுமையான வரம்புகளைக் கொண்டுவரச் சொன்னது. இது ஏதோ டெக்னிக்கல் விவகாரம் இல்லை. அழுக்கை மட்டும் நீக்கிவிட்டு அமோனியாவை அப்படியே விடும் நிலையம், தன் பாதி வேலையை ஏரியின் தலையில் கட்டுகிறது. புறநகரில் இனி கட்டப்போகும் ஒவ்வொரு நிலையத்திலும் இந்தக் கேள்வியை ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே கேட்டாக வேண்டும்.

மூன்றாவது, ஏரிக்கு ஓரம் வேண்டும். கோரையும் சம்பும் வளரும் ஆழமில்லாத விளிம்பை 'புதர்' என்று நினைத்துச் சுத்தமாகச் சுரண்டக் கூடாது. நீர்வரத்து வாய்க்கால் ஏரியில் நுழையும் இடத்தில் அப்படி ஒரு பகுதியை விட்டுவைப்பது, வரும் நைட்ரஜனை வாசலிலேயே பிடிக்க உதவும்.

நான்காவது, விடியற்காலையில் அளக்க வேண்டும். ஆக்ஸிஜனைச் சூரிய உதயத்துக்கு முன்பும், பி.எச்., அமோனியா இரண்டையும் மதியத்திலும், மேல்தண்ணீரில் மட்டுமல்லாமல் அடியிலும். இதற்கான கருவிகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு ஏரிக்கும் இந்த எண்கள் மாதந்தோறும் மாநகராட்சி இணையதளத்தில் வர வேண்டும். ஏரேட்டர் எத்தனை வைத்தோம், எத்தனை லோடு சேறு எடுத்தோம் என்ற கணக்கைவிட இந்த எண்கள்தான் உண்மையைச் சொல்லும்.

நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. உங்கள் அபார்ட்மென்டின் கழிவு எங்கே போகிறது என்று அசோசியேஷன் கூட்டத்தில் ஒரு முறை கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், மின்கட்டணத்துக்குப் பயந்து காற்று ஊதும் மோட்டாரை இரவில் நிறுத்திவிடுகிறார்களா என்று பாருங்கள். அந்த மோட்டார் நின்றால் முதலில் அடி வாங்குவது நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாதான். கழிவுநீர் லாரிக்குப் பணம் கொடுக்கும்போது, 'எங்கே கொட்டுவீங்க?' என்று கேட்பதும் நம் உரிமை, பொறுப்பும்கூட.

தாம்பரத்து ஏரிகள் நெல்லுக்குத் தண்ணீர் தந்தபோதும் அவற்றின் சேற்றில் இதே பாக்டீரியாக்கள் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தன. இன்றும் செய்யத் தயாராகவே இருக்கின்றன. அவை கேட்பது மூச்சுவிடக் கொஞ்சம் ஆக்ஸிஜன். அதைத் தினமும் லாரிக் கணக்கில் தின்று தீர்ப்பது நம் வீட்டுக் கழிவு. அடுத்த முறை ஓர் ஏரிக்கு நிதி அறிவிக்கப்படும்போது, திட்ட அறிக்கையில் கழிவுநீரை நிறுத்துவதற்கு எத்தனை ரூபாய் என்ற வரியை முதலில் தேடுங்கள். அந்த வரி இல்லையென்றால், மற்ற வரிகளுக்குச் செலவாகும் பணமும் ஏரியில் கரைத்த பணம்தான்.